வாய்க்கால் கரையை வெட்டிய காலை

எண்பத்திரண்டாம் ஆண்டுச் சிறுபோகத்துக்கு முரசுமோட்டையில் வயல் உழுதுகொண்டிருந்த நாட்கள். ஒரு காலை, பத்து மணிக்குச் சற்று முன்னதாக, யோகலிங்கத்தின் உழவு மெசின் வாய்க்கால் கரையிலிருந்து சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. ஓட்டி வந்தவர் யோகலிங்கமேதான். பின் சில்லுக்கு மேலே மட்காட்டில் உட்கார்ந்து வந்தவன் ஆண்டியப்பன்.

அந்த இடத்தில் கரை ஒடுங்கியிருந்தது இரண்டு பேருக்கும் தெரியும். மாரி மழை அதை அரித்துத் தின்றிருந்தது. ஆனாலும் அந்த வாரம் மட்டும் இருபது தரம் அதன்மேல் போய் வந்திருந்தார்கள். இருபத்தோராவது தரம் பின் சில்லுக்குக் கீழே மண் பிட்டுப்போல் உதிர்ந்தது. மெசின் ஒரு மாடு படுப்பதுபோல மெதுவாகத்தான் சாய்ந்தது என்று பிறகு யோகலிங்கம் சொன்னார். குதிக்க நேரம் இருந்ததுபோலத் தோன்றியதாம். அவர் எதிர்க் கரையில் தூக்கி எறியப்பட்டார். தோள் எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. ஆண்டியப்பன் குதித்தான், ஆனால் குதித்த பக்கம்தான் மெசினும் விழுந்தது. மட்காட் அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே சேற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டது.

வயலில் வரம்பு செதுக்கிக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர். ஆண்டியப்பனின் மனைவி கமலாட்சி, இரஞ்சிதம், சங்கிலி, மற்றது மீனம்மா. நான்கு பேருமே எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு ஓடிவந்து, காட்டோரம் குடிசை போட்டு, கூலி வேலை செய்கிறவர்கள். மண்வெட்டிகளோடு ஓடினார்கள்.

கமலாட்சி போய்ச் சேர்ந்தபோது ஆண்டியப்பன் வாய்க்காலுக்குள் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் அவனுடைய வயிறு மட்டும்தான் இருந்தது. முகம் வெளிறியிருந்தது, ஆனால் பேசினான். கால் மாட்டிக்கொண்டது என்றும், பெரிதாக நோகவில்லை என்றும், எல்லாரும் சேர்ந்து ஒரு பக்கம் தூக்கினால் இழுத்துக்கொள்வேன் என்றும் சொன்னான். சங்கிலியும் மூன்று பெண்களும் இறங்கித் தூக்கிப் பார்த்தார்கள். மெசின் அசையவில்லை. இரண்டாம் தரம் தூக்கியபோது இன்னும் கொஞ்சம் சேற்றுக்குள் இறங்கியது. ஆண்டியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டாம், விடுங்கள் என்றான்.

அப்போதுதான் கமலாட்சி கவனித்தாள். வயிற்றளவில் இருந்த தண்ணீர் இப்போது நெஞ்சுக்கு வந்திருந்தது.

காரணம் யோகலிங்கத்துக்கு உடனே விளங்கிவிட்டது. குறுக்கே விழுந்த மெசினும் அதன் கலப்பையும் வாய்க்காலை அடைத்துவிட்டன. மேலேயிருந்து வருகிற தண்ணீரோடு வைக்கோலும் சல்வீனியாக் களையும் வந்து இடுக்கெல்லாம் செருகிக்கொண்டிருந்தன. குளத்துத் தண்ணீர் விடிய ஐந்து மணிக்குத் திறந்தது. மாலை வரை வரும். அவர் ஒரு கையால் மற்றக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கி, ஆண்டியப்பனுக்குப் பின்னால் முழங்காலில் நின்று, அவனுடைய முதுகைத் தன் நெஞ்சோடு சாய்த்து உயர்த்தினார்.

அந்த நேரம் அவருடைய மனைவி நேசமலர் வேலையாட்களுக்குத் தேத்தண்ணீரும் ரொட்டியும் சைக்கிளில் கொண்டுவந்துகொண்டிருந்தார். நிலைமையைப் பார்த்ததும் வாளியை அப்படியே கரையில் போட்டுவிட்டார். யோகலிங்கம் தண்ணீருக்குள் நின்றபடியே அவரிடம் சொன்னார்:

"கதவைப் பூட்டச் சொல்லு. திறப்பு பொன்னையாவின்ரை வீட்டிலை. அப்பிடியே ஆற்றையேன் மெசினையும் இரும்புச் சங்கிலியோடை வரச் சொல்லு. போ."

நேசமலர் சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். பொன்னையா என்பவர்தான் வாய்க்கால் கதவின் சாவியை வைத்திருந்து, அதைத் திறந்து பூட்டுகிறவர். வீடு ஒன்றரை மைல். இதற்கு முன் அந்த வரம்பு வழியில் இறங்கி உருட்டிக்கொண்டு போனவரே தவிர ஒருநாளும் ஏறி ஓடியவர் அல்ல நேசமலர். அன்று இறங்கவில்லை. இரண்டு இடத்தில் விழுந்து எழும்பிப் போனார் என்பது பிறகு அவருடைய முழங்கைகளைப் பார்த்துத் தெரிந்தது.

ஆனால் கதவைப் பூட்டினாலும் அது உடனே உதவாது. கதவுக்கும் இந்த இடத்துக்கும் இடையில் வாய்க்காலில் நிற்கிற தண்ணீர் எல்லாம் வந்தே தீரும். அதை யோகலிங்கம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது. தண்ணீர் ஆண்டியப்பனின் கழுத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

கமலாட்சி அவன் பக்கத்தில் நின்று அவனுடைய கையைப் பிடித்திருந்தாள். என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரஞ்சிதம் அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தாள்.

இரஞ்சிதத்தின் புருஷன் போன போகத்தில்தான் செத்தான். கதிரிலிருந்து நெல் பிரிக்கச் சூடு மிதித்த மெசின் பின்னுக்கு வந்து அவன்மேல் ஏறி நின்றுவிட்டது. மெசின்காரன் பயந்து ஓடிவிட, ஓட்டத் தெரிந்த ஒருவர் வரும் மட்டும் ஒரு மணி நேரம் எல்லாரும் சுற்றி நின்றார்கள். இரஞ்சிதமும் நின்றாள். அந்த ஒரு மணி நேரத்தில் அரைவாசி நேரம் அவன் உயிரோடுதான் இருந்தான். அன்றைக்குப் பிறகு அவள் அதைப் பற்றி யாரிடமும் கதைத்ததில்லை.

"பார்த்துக்கிட்டு நிக்காதே கமலாட்சி," என்றாள். "அன்னைக்கு நான் நின்னேன். நீ நிக்காதே. மண்வெட்டிய எடு, கரைய வெட்டுவோம்."

வாய்க்கால் கரையை வெட்டுவது சின்ன விஷயம் இல்லை. தண்ணீர் முறை தப்பி ஒரு சாண் வெட்டினாலே பொலிஸ், நீதிமன்ற விளக்கம் என்று போகும். அதிலும் எந்தக் கரையை வெட்டுவது என்று யோசிக்க வழியே இருக்கவில்லை. யோகலிங்கத்தின் பக்கம் மேட்டு நிலம், மெசின் ஓடி இறுகிய பாதை. தண்ணீர் போகக்கூடிய பள்ளம் எதிர்ப்பக்கம்தான். அது நல்லதம்பியின் வயல். முந்தின நாள்தான் அவர் முளை நெல் விதைத்திருந்தார். நான்கு ஏக்கர். மட்டம் பார்த்து, சேறு தடவி, ஒரு பாய் விரித்ததுபோல இருந்தது. அதற்குள் வாய்க்கால் பாய்ந்தால் ஒரு நெல்மணி மிஞ்சாது.

கமலாட்சி ஆண்டியப்பனின் கையை விட்டாள். விட்டபோது அவன் அவளைப் பார்த்தான்.  அவள் நீந்தாத குறையாக அடுத்த கரைக்கு ஏறி மண்வெட்டியை ஓங்கினாள்.

இரஞ்சிதமும் மீனம்மாவும் இரண்டு பக்கமும் நின்று வெட்டினார்கள். மூன்று மண்வெட்டிகள் மாறி மாறி விழுந்தன. கரை கல்லும் களியுமாக இறுகியிருந்தது. மண்வெட்டி விழுந்த இடத்தில் தீப்பொறி பறந்ததே தவிர மண் பெயரவில்லை. கமலாட்சிக்கு முதுகுப் பக்கம்தான் ஆண்டியப்பன். திரும்பிப் பார்த்தால் கை நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பாமலே கத்திக் கேட்டாள், ஐயா, எப்படி இருக்கிறார் என்று.

"இருக்கிறான்," என்று யோகலிங்கத்தின் குரல் வந்தது. "மூச்சு இருக்கு. நீ வெட்டு."

பிறகு அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. பத்துக் கொத்துக்கு ஒருமுறை அவராகவே சொன்னார். இருக்கு. இருக்கு. அந்தச் சொல் வந்ததும் அவளுடைய கை இன்னும் பலமாக விழுந்தது.

தண்ணீர் நாடியைத் தொட்டபோது சங்கிலிக்கு ஒன்று நினைவு வந்தது. நல்லதம்பியின் காவல் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பப்பாசி மரம் நின்றது. ஓடிப்போய் ஒரு இலையை முறித்து, இரண்டு முனையையும் கத்தியால் வெட்டி, அதன் தண்டை ஊதிப் பார்த்துக்கொண்டே திரும்பி ஓடிவந்தான். முழ நீளக் குழல். ஆண்டியப்பனின் வாய்க்குள் ஒரு முனையை வைத்து, உதட்டை இறுக்கு, பயப்படாதே, மெதுவாக இழு என்று சொன்னான். யோகலிங்கம் அவனுடைய மூக்கைப் பொத்திப் பிடித்தார். தண்ணீர் வாயை மூடியது, பிறகு மூக்கை, பிறகு கண்களை. கடைசியில் தண்ணீருக்கு மேலே நெற்றி மயிரும் பச்சைத் தண்டின் ஒரு சாணும் மட்டும் தெரிந்தன. சங்கிலி தண்டு ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன் நுனியில் காதை வைத்துக் கேட்டான். உஸ் உஸ் என்று காற்றுப் போய் வந்தது.

"இருக்கு," என்றார் யோகலிங்கம். தண்ணீர் இப்போது அவருடைய கழுத்திலும் நின்றது.

இந்த நேரத்தில்தான் நல்லதம்பி வந்தார். தூரத்தில் தன்னுடைய கரையில் மூன்று பெண்கள் மண்வெட்டி போடுவது அவருக்குத் தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை. அறுபது வயது மனிதர், வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு, கையில் ஒரு பூவரசங்கம்போடு விதைத்த வயலுக்குள்ளாலேயே குறுக்கே ஓடிவந்தார். கிட்ட வந்து கம்பை ஓங்கியபோது அந்தப் பக்கம் கிடந்த மெசின் தெரிந்தது. யோகலிங்கத்தின் தலை தெரிந்தது. சங்கிலி குனிந்து காது வைத்திருப்பது என்ன என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கமலாட்சி நிமிரவில்லை. குனிந்தபடியே, "ஐயா, அடிக்கிறதுன்னா அப்புறம் அடிங்க. இப்ப நான் வெட்டணும்," என்றாள்.

நல்லதம்பி கம்பைக் கீழே போட்டார். வெட்டிய இடத்தைப் பார்த்தார். முக்கால் அடிதான் இறங்கியிருந்தது. அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உதிலை வெட்டாதை பிள்ளை. உது கல்லு மண், மத்தியானம் மட்டும் வெட்டினாலும் விடாது. இஞ்சாலை வா. இந்த ஆமணக்குக்குக் கீழை என்ரை குழாய் ஒண்டு கிடக்கு."

ஆமணக்கஞ்செடி பத்து அடி தள்ளி நின்றது. அந்தக் குழாயைப் பற்றி ஊர் முழுக்கச் சந்தேகம் இருந்தது. முறை இல்லாத நாட்களிலும் நல்லதம்பியின் வயல் காயாமல் இருப்பது எப்படி என்று மூன்று வருடமாகக் கதை. வாய்க்கால் காவலர் பொன்னையா தேடாத இடம் இல்லை. நல்லதம்பி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம்கூடச் செய்திருந்தார். இப்போது அவரே செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மண்ணைக் கையால் வாரினார். அந்த இடத்து மண் கிண்டிக் கிண்டி மெத்தென்று இருந்தது. கமலாட்சி ஓங்கிய முதல் வெட்டிலேயே மண்வெட்டி காம்பு வரை இறங்கியது.

இரண்டு அடி தோண்டியதும் குழாய் தெரிந்தது. நல்லதம்பி அதன் வாயில் அடைத்திருந்த சாக்கைப் பிடுங்கினார். ஒரு கைப் பருமனில் தண்ணீர் பீறிட்டது. அது போதாது என்று அவருக்கே தெரியும். குழாயையே பிடுங்கினால் கரை தானாக உடைந்துவிடும் என்றார். அவரும் இரஞ்சிதமும் மீனம்மாவும் வயலுக்குள் இறங்கி குழாயைப் பிடித்து இழுத்தார்கள். கமலாட்சி மேலே நின்று அதைச் சுற்றி வெட்டினாள்.

அப்போது யோகலிங்கத்தின் குரல் நின்றது.

பத்துக் கொத்து விழுந்தது. பதினைந்து விழுந்தது. இருக்கு என்ற சொல் வரவில்லை. கமலாட்சி திரும்பவில்லை. வாயால் மூச்சை இழுத்துக்கொண்டு, மண்வெட்டியை அல்ல, தன் உடம்பையே தூக்கிப் போடுவதுபோல வெட்டினாள். இருபதாவதோ இருபத்தோராவதோ கொத்தில் காலுக்குக் கீழே மண் அசைந்தது. கீழே நின்ற மூன்று பேரும் குழாயோடு மல்லாந்து விழுந்தார்கள். கரை ஒரு பெருமூச்சு விட்டதுபோல உள்ளே போயிற்று. கமலாட்சியும் அதோடு போனாள். தண்ணீர் அவளை உருட்டிக்கொண்டு முளை நெல்லுக்குள் கொண்டுபோய்ப் போட்டது.

எழும்பியபோது வாய் நிறையச் சேறு. முன்னால் ஒரு மாட்டுவண்டி அகலத்துக்குக் கரை திறந்து கிடந்தது. தண்ணீர் மஞ்சளாக நுரைத்துக்கொண்டு நல்லதம்பியின் நான்கு ஏக்கருக்குள் ஓடியது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் மெசின் பக்கம் பார்த்தார்கள்.

வாய்க்காலில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஆண்டியப்பனின் நெற்றி தெரிந்தது. பிறகு மூடிய கண்கள். பிறகு தண்டைக் கடித்துக்கொண்டிருந்த வாய். சங்கிலி தண்டை இழுத்தான், அவன் விடவில்லை. பல்லுக்கு இடையில் தண்டு நசுங்கி இருந்தது. சங்கிலி கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டபோது வாய் திறந்தது, இருமல் வந்தது, தண்ணீர் வந்தது, பிறகு ஒரு கெட்ட வார்த்தை வந்தது. கமலாட்சி அந்த வார்த்தையைக் கேட்டதும் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

யோகலிங்கத்துக்குப் பேச முடியாமல் போனது தண்ணீர் அவருடைய வாயையும் தொட்டதால்தான். தலையை நிமிர்த்தி மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு, முறிந்த தோளோடு, ஆண்டியப்பனைச் சாயவிடாமல் பிடித்திருந்தார். அவரை வெளியே தூக்கியபோது கை தானாகக் கழன்று விழுவதுபோலத் தொங்கியது.

நேசமலர் சொல்லியனுப்பிய மெசின் அரை மணி நேரத்தில் வந்தது. கதவு அதற்குள் பூட்டியாயிற்று. இரும்புச் சங்கிலி போட்டு, பனங்குற்றி முட்டுக்கொடுத்து, ஊரே கூடி மெசினை ஒரு முழம் உயர்த்தியது. மீனம்மா முன்யோசனையாக ஆண்டியப்பனின் சாரத்தைக் கிழித்து, இரத்தம் ஓடாமல் முழங்காலுக்கு மேலே இறுக்கக் கட்டியிருந்தாள். காலை வெளியே எடுத்தபோது அதைப் பார்க்க வேண்டாம் என்று இரஞ்சிதம் கமலாட்சியின் முகத்தைத் திருப்பினாள். கமலாட்சி பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் முந்தானையால் அதைப் போர்த்தினாள்.

நெல் ஏற்ற வந்த லொறி ஒன்றில் வைக்கோல் பரப்பி இரண்டு பேரையும் ஏற்றினார்கள். கிளிநொச்சியில் மருந்து கட்டி, ஊசி போட்டு, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஆனையிறவைக் கடக்கும்போது நல்ல வெயில். இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. ஆண்டியப்பன் கண் திறந்து, தாகமாக இருக்கிறது, தண்ணீர் வேண்டும் என்றான்.

கமலாட்சிக்குச் சிரிப்பு வந்தது. "இன்னும் குடிக்கணுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். எதிரே சாய்ந்திருந்த யோகலிங்கம் தோள் நோவோடு சிரித்தார். காலையிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

காலைக் காப்பாற்ற முடியவில்லை. முழங்காலுக்கு நான்கு விரல் கீழே எடுத்தார்கள். உயிர் நின்றது. ஆண்டியப்பன் மூன்று மாதம் யாழ்ப்பாணத்தில் கிடந்தான்.

அந்த மூன்று மாதத்தில் முரசுமோட்டையில் இரண்டு காரியங்கள் நடந்தன.

கரை உடைந்ததை விசாரிக்க நீர்ப்பாசனப் பகுதியிலிருந்து ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து துணி மாற்ற வந்திருந்த கமலாட்சி முன்னுக்குப் போய், நான்தான் வெட்டினேன், என்ன எழுத வேண்டுமோ எழுதுங்கள் என்றாள். வந்தவர் எழுதினார். பிறகு வயலில் கிடந்த குழாயைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார். பொன்னையா வானத்தைப் பார்த்தார். மற்றவர்கள் பொன்னையாவைப் பார்த்தார்கள். நல்லதம்பி இரண்டு தரம் செருமிவிட்டு, "அது என்ரைதான் ஐயா," என்றார். கமலாட்சியை எச்சரித்துவிட்டார்கள். நல்லதம்பிக்கு அந்தப் போகம் முழுக்கக் கடைசி முறைத் தண்ணீர் என்று தீர்ப்பாயிற்று. 

மற்றது இரஞ்சிதம் செய்தது. தோளில் கட்டோடு யோகலிங்கம் வீடு திரும்பிய அடுத்த நாள் காலை, குடிசைகளில் இருந்த பதினெட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு அவருடைய முற்றத்துக்குப் போனாள். கரைப் பாதையை அகலமாக்கும் மட்டும் எந்த மெசின் ஓடுகிற வயலிலும் இறங்கமாட்டோம், ஓட்டுகிறவரைத் தவிர ஒருவரும் இனி மெசினில் ஏறமாட்டோம் என்றாள்.  நேசமலர்தான் உள்ளேயிருந்து வந்து, அவர்கள் கேட்பதில் என்ன பிழை, நானும் மண் சுமக்க வருகிறேன் என்றார். மூன்று நாள் எல்லாரும் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். பாதை பன்னிரண்டு அடி அகலமாயிற்று. பக்கத்து வாய்க்கால்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் தங்கள் பாதையையும் அகலமாக்கினார்கள். மற்றவர்கள் வழமைபோலத்தான்.

நல்லதம்பி மறுபடி விதைத்தார். விதை நெல் யோகலிங்கம் கொடுத்தார். ஆனால் ஒரு மாதம் பிந்திவிட்டது. ஆவணியில் மற்ற வயல்கள் எல்லாம் அறுத்து மொட்டையாகிவிட, அவருடைய நான்கு ஏக்கர் மட்டும் அப்போதுதான் பால் பிடித்து நின்றது. அந்த வட்டாரத்துக் கிளி, குருவி, நெல்லுச்சிட்டு எல்லாவற்றுக்கும் சாப்பிட வேறு இடம் இல்லை. விடிந்தால் வானம் கறுக்கக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. நல்லதம்பி ஒரு பக்கம் துரத்த, மறு பக்கம் இறங்கின. அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஆண்டியப்பன் அந்த வாரம்தான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். இரண்டு கக்கத்திலும் தடி. இரண்டு நாள் குடிசைக்குள் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மூன்றாம் நாள் காலை கமலாட்சி எழும்பும்போது அவன் இல்லை. பதறிப்போய்த் தேடி ஓடினாள். வாய்க்கால் கரைக்குப் போனபோது சத்தம் கேட்டது.

நல்லதம்பியின் வயல் நடுவே, காவல் கொட்டிலுக்கு முன்னால், ஒரு தடியைக் கக்கத்தில் முட்டுக்கொடுத்து ஆண்டியப்பன் நின்றான். மற்றத் தடியால் கயிற்றில் தொங்கிய பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தான். தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிற பரம்பரை அவன். தகரத்திலும் அந்தத் தாளம்தான் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் நூறு நூறு கிளிகள் பச்சையாக எழும்பி, சுழன்று, அடுத்த மூலையில் இறங்கப் பார்த்தன. அவன் ஒற்றைக் காலில் திரும்பி அந்த மூலையைப் பார்த்துக் கத்தினான். அவை அங்கேயும் இறங்காமல் காட்டுப் பக்கம் போயின. வரம்பில் குந்தியிருந்த நல்லதம்பி, கட்டிய தொண்டையால் ஏதோ சொல்லிக் கையைத் தட்டிச் சிரித்தார்.

கமலாட்சியைக் கண்டதும் ஆண்டியப்பன் அடிப்பதை நிறுத்தாமலே, தேத்தண்ணி கொண்டுவா, அறுப்பு முடியும் மட்டும் நான் இங்கேதான் என்று கத்தினான். அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே வேகமாக நடந்தாள்.